ஏழாம் வாளுக்கு முதலிடம்

டிசம்பர் கடைசியில் எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும், மேடம். கிறிஸ்துமஸ் பிளவுஸ் முடிவதற்குள் புது வருஷத்துப் பிளவுஸ் வந்து குவிந்துவிடும். ஆனாலும் அந்த வருஷம் வந்த ஆல்பங்களில் எனக்குப் பிடித்த ஐந்தை வரிசை போட்டு எங்கள் பாட்டு குரூப்பில் சொல்லாமல் விட்டதே இல்லை. தையல்காரிக்குக் கையும் காலும் கண்ணும்தான் மெஷினுக்கு. காது சும்மாதானே இருக்கிறது. நாள் முழுக்கக் கேட்பேன்.

இந்த வருஷம் ஐந்தாவது இடம், கோட்டக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் பாடிய இஸ்லாமியப் பாட்டுகள். நான்காவது, விழுப்புரம் பையன்கள் போட்ட கானா. மூன்றாவது, மேல்மலையனூர் அம்மன் பாட்டு. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி அம்மனுக்கு மூன்றாம் இடம் கொடுக்கிறாளே என்று குரூப்பில் கேலி செய்தார்கள். அம்மனுக்குக் கொடுக்கவில்லை, உடுக்கை அடித்தவர் கைக்குக் கொடுத்தேன் என்றேன். இரண்டாவது, வளவனூர்க்காரர் ஒருவரின் கிளாரினெட். முதலிடம், எங்கள் ஆரோக்கியசெல்வி பாடிய ‘ஏழாம் வாள்’. அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை. பஸ் ஏறி நானேதான் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாமல் இருக்கலாம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் எங்களுக்குத் தவக்காலம். ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவோம். ஒருத்தர் கறியை விடுவார், ஒருத்தர் டீயை, ஒருத்தர் சீரியலை. அதற்கு ஒறுத்தல் என்று பேர். அதில் மிச்சமாகும் காசைக் கோயிலில் கொடுக்கிற அட்டை உண்டியலில் போட்டுவைத்து, ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று கொண்டுபோய்ச் சேர்ப்போம். அந்த நாட்களில் வியாகுல மாதா பாட்டுதான் பாடுவது. செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு தாய் அழுகிற பாட்டு. மாதா பட்ட ஏழு துக்கத்தை அவள் நெஞ்சில் இறங்கிய ஏழு வாள் என்று சொல்வோம். வருஷா வருஷம் அதில் புது ஆல்பம் வரும்.

ஆரோக்கியசெல்வி என் பக்கத்து வீடு. முதல் ஆல்பத்தை அவள் அப்பா செத்த துக்கம் ஆறுமுன்னே பாடினாள். துணைக்கு நான்தான் விழுப்புரத்து ஸ்டுடியோவுக்குப் போனேன். ஒரு வரியில் அவளுக்கு மூச்சு உடைந்துபோனது. ரெக்கார்டிங் பையன் மறுபடி பாடச் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். அந்த உடைந்த மூச்சைக் கேட்டுத்தான் பல ஊரில் பெண்கள் அழுதார்கள். அந்த வருஷம் அவளுக்கு முதலிடம் கொடுத்தேன்.

பிறகு அவளுக்கு நெடுஞ்செழியனோடு கல்யாணம் ஆயிற்று. மினி லாரி ஓட்டுகிறவன், நல்ல பையன். குழந்தை பிறந்தது. அம்மா கோவிந்தம்மாளையும் கூடவே வைத்துக்கொண்டாள். வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம். அதற்கப்புறம் வந்த ஆல்பங்களில் சுருதி சுத்தம், உச்சரிப்பு சுத்தம், அவ்வளவுதான். நான்காம் இடம், ஐந்தாம் இடம் என்று இறங்கி, போன வருஷம் என் வரிசையிலேயே இல்லை. அவள் என் கடைக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இன்னாக்கா, இந்த வருஷம் என்ன வுட்டுட்ட?”

“பாட்டுல ஒரு கொறையும் இல்லம்மா. சோகந்தான் பத்தல.”

“அதுக்கு நான் எங்கக்கா போவேன்? கடையிலயா விக்கிது?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அது என் மனசை விட்டுப் போகவில்லை. அப்படி ஒரு குரலைக் கொடுத்த கடவுள் அது வீணாவதைப் பார்த்துக்கொண்டிருப்பாரா என்று துணி வெட்டும்போதெல்லாம் நினைப்பேன்.

கோவிந்தம்மா அத்தைக்கு இருதயத்தில் கோளாறு. ஆரோக்கியசெல்வி பாட்டு, ஒத்திகை என்று போகிற நாளெல்லாம் அத்தைக்குத் துணை நான்தான். ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூட்டிப்போவேன். இந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், ஆபத்து என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். புரிந்ததா என்றார். புரிந்தது என்றேன்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று கோயிலிலிருந்து வந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டார். நெற்றியில் சாம்பல் அழியாமல் இருந்தது. அவர் கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் வாங்கியவர். எது முறை, எது தப்பு என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பார்.

“நான் நடுவுல தண்ணி ஊத்திக்கினவ. நீ பொறந்ததுலேருந்து வேதக்காரி. நீ சொல்லு ஜெசிந்தா, நான் எத வுடறது? கறி துன்றதில்ல. டீயும் டாக்டரு வேணான்னுட்டாரு. வுடறதுக்கு எங்கிட்ட இன்னா கீது?”

“மாத்திர கீதே அத்தே” என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. கையால் எதையும் தொடவில்லை. உடம்புக்குப் பிடித்த சுகத்தை விட்டால் பத்து மடங்கு, உயிருக்கு வேண்டியதை விட்டால் நூறு மடங்கு, அதை மகளின் குரலுக்காக ஒப்புக்கொடுத்தால் மாதா கைவிட மாட்டாள் என்று அப்புறம் விளக்கிச் சொன்னேன். ஒறுத்தலை வெளியில் சொன்னால் பலன் போய்விடும், மகளிடம்கூடச் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். நோயாளிகளுக்கு நோன்பு கிடையாது என்று சாமியார் அன்று காலைதான் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். அத்தைக்குக் காது மந்தம். எனக்குத்தான் காது நன்றாகக் கேட்குமே.

அத்தை ரொம்ப சந்தோஷமாக இருந்தார், மேடம். நீங்கள் அதையும் எழுத வேண்டும். மகளுக்குக் கொடுக்கத் தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்று அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு.

மூன்றாம் வாரம் பிளவுஸ் கை பிடிக்கிறது என்று கொண்டுவந்தார். பிரித்துத் தளர்த்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் மறுபடி கொண்டுவந்தார். மறுபடி தளர்த்தினேன். இருபத்தைந்து வருஷமாகத் தைக்கிறேன். சாப்பிட்டுப் பெருத்த உடம்புக்கும் நீர் கோத்த உடம்புக்கும் அளவு எப்படி மாறும் என்று டேப் வைக்காமலே சொல்லுவேன். கால் வீங்கியிருக்கிறதே என்று ஆரோக்கியசெல்வி கேட்டபோது, வெயில் காலத்தில் வயசானவர்களுக்கு அப்படித்தான் என்று நான் சொன்னேன். அவள் நம்பினாள். எல்லாவற்றுக்கும் என்னைத்தானே நம்பினாள்.

குருத்து ஞாயிறுக்கு முந்தைய புதன்கிழமை, மத்தியானம். ஆரோக்கியசெல்வி ஒத்திகைக்குப் போயிருந்தாள். அத்தையால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என் கையைப் பிடித்தார்.

“ஜெசிந்தா, ஒண்ணே ஒண்ணு போட்டுக்கவா? மூச்சு முட்டுது.”

“குருத்து ஞாயிறே வந்துருச்சி அத்தே. இப்ப போட்டா இத்தினி நாளும் வீணாப் பூடும்.”

சரி என்று தலையாட்டினார். மகள் பாட்டைப் போடச் சொன்னார். அந்த முதல் ஆல்பத்தைப் போட்டேன். மூச்சு உடைகிற அந்த வரி வருவதற்குள் அத்தை போய்விட்டார். அப்புறம்தான் போன் செய்தேன். மண்ணுக்குள் போட்டுக்கொண்டுபோக வெள்ளைப் பிளவுஸ் நான்தான் தைத்தேன். பழைய அளவு எதுவும் உதவவில்லை, புதிதாக அளவெடுத்தேன். அழுதுகொண்டேதான் தைத்தேன். நான் கல் நெஞ்சுக்காரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் தேவசகாயம் அந்த வீட்டு உண்டியலைப் பிரித்தார். சில்லறைக்கு நடுவே மாத்திரைகள் கிடந்தன. அத்தை ஒன்றைக்கூட வீசவில்லை. விட்டது எதுவோ அதைத்தான் உண்டியலில் போட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நான் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை, அது அவராகவே செய்தது. உபதேசியார் அதைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து ஆரோக்கியசெல்வி மடியில் வைத்தார்.

“அக்கா, நீதான கூடவே இருந்த. இது இன்னாக்கா?” என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அது வெறும் சாவாகப் போயிருக்கும்.

“உன் கொரலுக்காக வுட்டாங்கம்மா. நீ நல்லா பாடணும்னு.”

அவள் அழவில்லை. அந்தக் கைக்குட்டையை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆல்பம் பெரிய வெள்ளிக்குள் வர வேண்டும். அம்மா ஒப்புக்கொடுத்ததை வீணாக்காதே என்று நான்தான் மறுநாள் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். மாதாவின் நெஞ்சில் ஏழாவது வாள் இறங்குகிற பாட்டை அவள் ஒரே தடவைதான் பாடினாள். ரெக்கார்டிங் பையன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். மேடம், நான் எத்தனையோ ஆல்பம் கேட்டிருக்கிறேன். மனுஷ வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் கேட்டதில்லை. என்ன கொடுத்தாலும் தகும் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் அவள் பாடவே இல்லை. கோயிலில் பூசையின்போது வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். குழந்தைக்குத் தாலாட்டுகூட இல்லை, தட்டித்தான் தூங்கவைக்கிறாள். அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. நெடுஞ்செழியன் லாரிக்குப் போகிற நேரம் போக மிச்ச நேரத்தில் சமைக்கிறான்.

போன வாரம் என் வரிசையைக் குரூப்பில் போட்டேன். எல்லோரும் அவளை வாழ்த்தினார்கள். அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதலிடம் கிடைத்ததை நேரிலேயே சொல்லலாம் என்று போனேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“எங்கம்மாவ நான்தான் கொன்னேன். இந்த வாயால இனிமே பாட மாட்டேங்கா.”

இரண்டு நாள் எனக்கு மெஷின் ஓடவில்லை. அத்தனையும் கொடுத்து வாங்கிய குரல், ஒரே ஆல்பத்தோடு நின்றுபோவதா? அந்தப் பாரத்தை அவள் மேலிருந்து இறக்க வேண்டும் என்றுதான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆரோக்கியசெல்வி கொல்லவில்லை. கோவிந்தம்மாளும் தானாகச் சாகவில்லை. செத்துப்போவார் என்று தெரிந்தே நான் சொன்னேன். செத்துப்போகட்டும் என்றுதான் சொன்னேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? எழுதியதை அவளிடம் நீங்களே படித்துக் காட்டுங்கள், மேடம். தவக்காலம் பிப்ரவரியில் தொடங்குகிறது, அதற்கு முன்னால் காட்டிவிடுங்கள். ஜெயிலில் பாட்டு கேட்க விடுவார்களா என்று மட்டும் விசாரித்துச் சொன்னால் போதும். அவள் குரலில் சந்தோஷத்தைக் கேட்டுவிட்டேன், துக்கத்தைக் கேட்டுவிட்டேன். கோபத்தை மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை.