கொத்தனார் வேண்டாம்

அதான் சொல்லுதேன்லா அண்ணாச்சி, கொத்தனார் வேண்டாம். நாளைக்கும் வேண்டாம், நாளான்னைக்கும் வேண்டாம். வீடு இப்ப எப்பிடி நிக்குதோ அப்பிடியே எங்களுக்கு எழுதிக் குடுத்துருங்க. நீங்க சொன்ன வெலதான். ஒத்த ரூவா கொறைக்கச் சொல்லலியே? பெறகு ஏன் சந்தேகமா பாக்கீங்க?

உக்காருங்க. ஐயோ, நாற்காலிய இழுக்காதீங்க, அது இருந்த எடத்துலயே இருக்கட்டும். கொஞ்சம் எந்திரிங்களேன், பழைய எடத்துலயே போட்டுருதேன்... ஆங், இப்ப சரி. நான் நிக்கேன், பரவால்ல. உக்காந்தா எனக்குப் பேச்சு வராது.

எம்பேரு சந்தனமாரி. தென்காசிப் பக்கம். ஒங்கப்பா பலராமன் அய்யா கட்டுன வீடுதான், இல்லங்கல. ஆனா ஒங்கள விட எங்களுக்கு இந்த வீட்ட நல்லாத் தெரியும், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு காண்ட்ராக்டருக்கு விட்டீங்க, அவரு லேடீஸ் ஹாஸ்டல்னு போர்டு மாட்டுனாரு. எட்டு வருஷம். நாப்பது புள்ளைக, ரெண்டு பாத்ரூம். எல்லாரும் ஒரே செல்போன் கம்பெனி. இப்ப கம்பெனிய மூடவும் எல்லாம் ஊரப் பாக்கப் போயிருச்சு. நானும் கனகலட்சுமியும்தான் மிச்சம்.

ஆமா, கொஞ்சம் முந்தி முத்தத்தத் தாண்டிப் போனாளே, அவதான். வணக்கம் சொல்லலியா? திமிரெல்லாம் இல்ல அண்ணாச்சி. காப்பி போடப் போயிருக்கா. மனசுல வச்சுக்காதீங்க.

படப்பையில பிளாட்டா? நீங்களுமா! எங்க வீட்டுக்காரரும் மூணு மாசமா அந்தப் பாட்டத்தான் பாடுனாரு. அவரு ஒரகடத்துல கார் கம்பெனி, வெல்டிங் லைன், இப்பத் தங்குறதும் அங்கதான். இந்தக் காசுக்குப் படப்பையில புது வீடே வாங்கலாம், வண்டி நிறுத்த எடம் இருக்கும், இங்கன தேரடியில, இந்த நெரிசலுக்குள்ள, இத்தாம்பெரிய பழைய வீட்ட வாங்கி என்னட்டி செய்யப்போறன்னாரு. ஒருநாள் உள்ளதச் சொன்னேன். மறுநாளே லோன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டாரு. ஒங்ககிட்டயும் சொல்லத்தான் போறேன், இருங்க.

என்ன, ஏழாவது படியா? ஒடஞ்சுதான் கெடக்கு. கெடக்கட்டும். பதிமூணு படியில அது ஒண்ணுதான் மூளி, கால் வச்சதும் பாதி ஏறியாச்சுன்னு தெரிஞ்சிரும்லா. பின்கட்டு நெலப்படி ஒசரமா இருக்கு, செதுக்கிரவாங்கீங்களா? தொடாதீங்க. கதவுக்கு எண்ணெயும் வேண்டாம், கத்தட்டும். முன்கட்டுல செவப்புச் சிமெண்டு, பின்கட்டுல கடப்பாக்கல்லு, ரெண்டையும் பேத்துட்டு ஒரே டைல்ஸாப் போட்டுத் தாரேங்கீங்க. பெரிய மனசுதான். ஆனா வேண்டாம்.

சிரிக்கீங்க. கோட்டிக்காரின்னு நெனைக்கீங்க, என்ன?

இங்க ஒரு பழக்கம் உண்டு அண்ணாச்சி. நைட் ஷிப்ட் முடிச்ச புள்ளைக பகல் பூரா தூங்கும்லா. அதனால பட்டப்பகல்லயே ஜன்னல் தொறக்கக் கூடாது, லைட்டு போடக் கூடாது. மீறிப் போட்டுட்டா விழுற ஏச்சு இருக்கே, காது குடுத்துக் கேக்க முடியாது. மத்த ஷிப்ட்காரியெல்லாம் இருட்டுல தொழாவித்தான் துணி எடுப்போம், மாடி ஏறுவோம். ஒரு மாசம் போனா காலே சொல்லிரும், இது தூணு, இது பள்ளம்னு. இங்க எல்லாரும் அப்பிடித்தான் நடந்தோம். அதான் ஒருத்திக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வந்தது ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு.

ஆமா. கனகுக்குத்தான். மூணு வருஷமாச்சு. இப்ப வெளிச்சம் எது, இருட்டு எதுன்னுகூடத் தெரியாது.

நம்ப முடியலல்லா? ஒங்க முன்னாடிதான் நடந்து போனா. ஒங்களுக்கே தெரியல பாத்தீங்களா. அதுதான் அண்ணாச்சி, இந்த வீடு. போன தீவாளிக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ அண்ணன் பழைய வீட்ட இடிச்சு, டைல்ஸ் போட்டு, பளபளன்னு கட்டி வச்சிருக்கான். பொறந்து வளந்த எடத்துல வழி தெரியாம சுவரு சுவரா முட்டுனா. மூணாம் நாளு கட்டில்ல உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல. தண்ணி வேணும்னாக்கூடக் கேக்காம இருந்தா. இங்க வந்து அந்த நெலப்படியக் காலால தடவுனதும்தான் ஒரு சிரிப்புச் சிரிச்சா.

தம்ளரு சத்தம் கேக்கு. அவ வாரதுக்குள்ள மிச்சத்தையும் சொல்லிருதேன்.

கம்பெனியில நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. செல்போனுக்குள்ள வைக்கிற போர்ட லென்சு வழியாப் பாத்து, பழுது இருந்தா ஒதுக்கணும். ஓரத்துல இருக்க பழுதையெல்லாம் அவ விட ஆரம்பிச்சா. சூப்பர்வைசர் கண்டுட்டா வேலை போயிருமேன்னு அவ போர்டையும் நானே பாத்துப் பாத்துத் தள்ளிவிட்டேன். ஒரு வருஷம் அண்ணாச்சி. பெரிய உபகாரம் பண்ணுதேன்னு எனக்கு நெனப்பு. பெறகு ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டரம்மா கேக்காங்க, கண்ணுல பிரஷரு, சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாமே, ஒரு வருஷமா என்னம்மா செஞ்சீங்கன்னு. அவ வெளிய பெஞ்சுல இருந்தா. அவகிட்ட நான் இன்னிக்கி வரைக்கும் இதச் சொல்லல. அவ என்னடான்னா, நீ இல்லன்னா எனக்கு அப்பமே வேலை போயிருக்கும் மாரின்னு பாக்குறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா. கேக்க முடியல அண்ணாச்சி, செத்துரலாம் போல இருக்கு.

இந்தா, கதவு கத்துது. வந்துட்டா.

எந்திரிக்காதீங்க. தம்ளர எட்டியும் வாங்காதீங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு ஒங்க கொரல வச்சுத்தான் அவ நீட்டுவா. என்ன அண்ணாச்சி, கண்ணத் தொடச்சுக்கிட்டு சும்மா இருந்தா எப்பிடி? ஏதாச்சும் பேசுங்க. கொத்தனார வேண்டாம்னு சொல்லிட்டேன்னாச்சும் பேசுங்க.