ரோச்சின் மூச்சு

வீரபாகு அண்ணாச்சி கடையில் டீ சுமார்தான் சார். பால் தண்ணீராக இருக்கும், காலையில் போட்ட வடை சாயந்தரம் வரைக்கும் கிடக்கும். ஆனாலும் திரேஸ்புரத்தில் கடலுக்குப் போய்வந்த ஆம்பளைகள் எல்லாரும் அங்கேதான் உட்காருவோம். டீக்காக இல்லை, சண்டைக்காக. உயிரோடு இருக்கிற கபடி ஆட்டக்காரர்களில் யார் பெரியவன் என்கிற சண்டை.

"செத்தவன இழுக்கப்பிடாது. இழுத்தா ஆளுக்கொரு தாத்தாவக் கூட்டிட்டு வந்துருவிய" என்று அண்ணாச்சி சட்டம் போட்டிருந்தார். அதனால் போட்டி எப்போதும் இரண்டு பேருக்குள்தான். ஒருவர் ஆவுடையப்பன், இப்போது திருச்செந்தூரில் லாட்ஜ் வைத்திருக்கிறார். இன்னொருவன் எங்கள் ரோச். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன், என் தங்கச்சி ஜெப்ஸியின் புருஷன்.

நான் ரோச் கட்சி. சொந்தம் என்பதற்காக இல்லை, நான் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவன். மாவட்ட இறுதி ஆட்டத்தில் ரோச் கபடி சொல்லிக்கொண்டு எதிர்க் களத்துக்குள் போனான். ஆவுடையப்பனும் இன்னும் மூன்று பேரும் அவனை மண்ணோடு அமுக்கிப் பிடித்தார்கள். அந்த நாலு பேரையும் இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஊர்ந்து வந்து, விரலால் நடுக்கோட்டைத் தொட்டான். கடலுக்கடியில் பழகின மூச்சு சார் அது. நான் அழுதுவிட்டேன். என் பிள்ளை பிறந்தபோதுகூட அப்படி அழவில்லை. அந்த வருஷமே ஜெப்ஸியை அவனுக்குக் கட்டி வைத்தேன். அவளிடம் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை.

சங்கு குளிக்கிறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தன் தங்கச்சி தாலியை எவனும் அறுக்க மாட்டான் என்று யோசித்து வைத்தது. இப்போது கம்ப்ரசர் வந்துவிட்டது, வள்ளத்திலிருந்து ஹோஸ் வழியாகக் கீழே காற்று போகும். ஆனால் கயிறு மாறவில்லை, மச்சானும் மாறவில்லை. ஹோஸ் எங்காவது மடங்கிக் காற்று குறைந்தால் கீழே இருப்பவன் கயிற்றை இழுப்பான். நான் பதிலுக்கு ஒரு இழுப்பு கொடுத்தால், 'இரு, சரி பண்ணுகிறேன்' என்று அர்த்தம். விடாமல் இழுத்தால், 'மேலே வா'. ரோச்சுக்கு நான் மட்டும்தான் கயிறு பிடித்திருக்கிறேன். வேறொருவன் கையில் கொடுக்க எனக்கு மனசு வந்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வாலிபர் சங்கத்தில் விழா வைப்பதாக இருந்தோம். ரோச்சையும் ஆவுடையப்பனையும் ஒரே மேடையில் ஏற்றி, ரோச்சுக்கு மாலை போட்டுப் பட்டம் கொடுத்து, சண்டையை ஒரேயடியாக முடித்துவிடுவதாக ஏற்பாடு. அலைந்து திரிந்து எல்லாரையும் சம்மதிக்க வைத்தது நான்தான். சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும் கடலுக்குப் போனோம். நங்கூரம் போட்ட பிறகு ரோச் சொன்னான்.

"மச்சான், நாளைக்கு அந்த மாலைய நான் ஆவுடையப்பனுக்குப் போட்டுருதேன்."

"ஏம்ல?"

"அன்னைக்கு நான் ஒரே மூச்சுல வரல. அமுக்கிக் கெடக்கயில ஒரு தடவ மூச்ச இழுத்துட்டேன். நடுவருக்குத் தெரியல. அவனுக்குத் தெரியும், அவன் மூஞ்சி எம் மூஞ்சிக்கு நேராத்தான் கெடந்துச்சு. இன்னி வர அவன் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல பாத்துக்க. இப்பம் நீயே சொல்லு, யாரு பெரிய ஆட்டக்காரன்?"

"ஜெப்ஸிக்குத் தெரியுமா?"

"நேத்தே சொல்லிட்டேன். சிரிக்கா. 'மேடையில சொல்லித் தொலைங்க, எங்க அண்ணன் தொல்ல ஒழியட்டும்'ங்கா."

அவனும் சிரித்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் அவனைப் பார்த்ததே இல்லை. மூழ்குவதற்குக் கனமாக இடுப்பில் ஈயத்தைக் கட்டிக்கொண்டு, ஹோஸை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினான்.

எனக்குக் கோபம் வரவில்லை சார், அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவன் சொன்னதை நான் நம்பவே இல்லை. இளகின மனசுக்காரன், ஆவுடையப்பனுக்காக எதையோ கற்பனை செய்துகொண்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். மனுஷனுக்குத் தன் பெருமை தனக்கே மறந்துபோகும். கூட இருக்கிறவன்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் அவன் கேட்கிற ஆள் இல்லை. அதனால் ஹோஸை எடுத்து இரண்டாக மடித்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கயிறு ஆடியது. நான் ஒரு இழுப்பு கொடுத்தேன். வேறு யாராவது மேலே இருந்திருந்தால், அவன் ஈயத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஏறி வந்திருப்பான். மச்சான் இரு என்கிறான், அதனால் இருந்தான். கொஞ்சம் கழித்து மறுபடி ஆடியது. மறுபடியும் ஒரு இழுப்பு கொடுத்தேன், மறுபடியும் இருந்தான். அதைத்தான் நான் பார்க்க ஆசைப்பட்டேன். தண்ணீருக்கு மேலே ஒரு குமிழி வரவில்லை. அம்மாடி, என்ன மூச்சு சார் அது. பிடித்துப் பிடித்து எனக்குத்தான் கை மரத்துப் போனது. கடைசியாகக் கயிறு லேசாக அசைந்தது, அது இழுப்பு மாதிரி இல்லை. அதற்கும் பதில் கொடுத்தேன்.

மேலே தூக்கும்போது அவன் இடுப்பில் ஈயம் கட்டினபடியே இருந்தது. முடிச்சில் அவன் கையே வைக்கவில்லை.

அடக்கத்துக்கு ஆவுடையப்பன் வந்தார். அவர் வாயைத் திறந்தபோது நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். "இவன மாதிரி ஒரு ஆட்டக்காரன் இனிமேத்தான் பொறக்கணும்" என்று ஊருக்கு முன்னால் சொல்லி, விம்மி அழுதார். அங்கேயே பட்டம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது சார், பொய் சொல்ல மாட்டேன். ஹோஸ் அழுத்தி என் உள்ளங்கை கன்றிப் போயிருந்தது, ஜெப்ஸி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹோஸ் தானாக மடங்கிவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். நீங்களும்தான் நம்பினீர்கள். நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் இன்றைக்குக் காலையில் அண்ணாச்சி கடையில் ஒருவன் சொல்கிறான்: "வயசாயிட்டுல்லா, மூச்சு பத்தல." எல்லாரும் தலையாட்டுகிறார்கள். மூச்சு பத்தவில்லையாம், ரோச்சுக்கு. டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். ஹோஸை மடித்தது நான். இரு, இரு என்று பொய்ச் சைகை கொடுத்துக் கொன்றது நான். என் பெயர் எஸ்றா, அவன் மச்சான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ரோச் அந்த இரண்டாவது மூச்சைப் பற்றிச் சொன்னதை மட்டும் எழுத வேண்டாம். ஜெப்ஸிக்கு இனிமேல் அவன் பெயர் ஒன்றுதான் மிச்சம். அதைக் கெடுக்க யாருக்கும் மனசு வரக் கூடாது.