முக்கால் சுற்று

மதியம் சாப்பிட்டபின் அரை மணி நேரம் கண்ணயர்வது என் வழக்கம். கடை தொடங்கிய முப்பது வருஷத்தில் அந்தத் தூக்கத்தை நான் விட்டது ஒரே ஒரு நாள்தான். அந்த நாளைப் பற்றித்தான் இதில் எழுதுகிறேன்.

ஏட்டையா தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். நல்ல மனிதர்தான், ஆனால் சுருக்கிவிடுவார். சப்-இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வி அம்மா பொறுமையாகப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில், என் கைப்பட, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கொடுக்கிறேன்.

என் பெயர் மரியசெல்வம். வயது ஐம்பத்தெட்டு. வடமதுரையில் திருச்சி ரோட்டின் மேல் கடை. பைப்போடு பைப்பைச் சேர்த்துப் பிடிக்கிற கிளாம்ப் விற்கிறேன். கட்டிடத்துக்குச் சாரம் கட்ட, விழாவுக்கு மேடை போட, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்ட் நிறுத்த, எல்லாவற்றுக்கும் கிளாம்ப் வேண்டும். ஜனங்கள் மேடையில் துணியைப் பார்ப்பார்கள், பூவைப் பார்ப்பார்கள், சீரியல் லைட்டைப் பார்ப்பார்கள். கிளாம்ப்பை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இந்தச் சம்பவத்துக்கு அது காரணம் இல்லை.

என்னுடையது வார்ப்பிரும்பு கிளாம்ப். நானே அச்சு கொடுத்து, 'ம.செ' என்று எழுத்து பொறித்து வார்க்கச் சொல்வது. ஒன்றைக் கையில் எடுத்தால் மணிக்கட்டு இறங்கும். அந்தக் கனம்தான் உறுதி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் முத்துக்கிருஷ்ணன் கடை போட்டார். அவரும் கிளாம்ப் வியாபாரம்தான். ஆனால் தகட்டை மெஷினில் அழுத்தி வளைத்த கிளாம்ப். அப்பளம் மாதிரி இருக்கும். கனத்தில் என்னுடையதற்குப் பாதிகூட வராது.

நான் நியாயமாகவே நடந்துகொண்டேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துச் சொன்னேன். "அப்பு, அது தகரம். ஒரு நா இல்லாட்டி ஒரு நா விரிஞ்சுக்கிரும். மேல ஆள் நிக்கையில தெரியும் சேதி." எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, ரோட்டைத் தாண்டிப் போய் அவரிடம் வாங்கினார்கள்.

முத்துக்கிருஷ்ணனிடமே நேரில் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அண்ணே, நீங்க தொழில்ல மூத்தவரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் இன்னுங் கொஞ்சம் கவனமாப் பாத்துக்கிறேன்" என்றார். டீயும் வாங்கிக் கொடுத்தார். இப்படிப்பட்ட ஒருவரோடு பகை வளர்ப்பது எவ்வளவு சிரமம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஆறு வருஷத்தில் அவருடைய கிளாம்ப் ஒன்றுகூடக் கைவிடவில்லை. நாலு மாடிச் சாரம் நின்றது. தேர்தல் மேடை நின்றது. அதில் ஏறியவர்களின் எடை அம்மாவுக்கே தெரியும். ஐப்பசி மழையில் ஊறியும் நின்றது. ஊரில் என்னைப் பார்த்தால், "என்ன மாமா, இன்னும் விழுகலையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள்.

நான் சொன்னது பொய்யில்லை. நடப்பதற்குத் தாமதமாகிறது, அவ்வளவுதான். ரயில் தாமதமானால் ரயிலே கிடையாது என்று அர்த்தமாகிவிடாது. எப்படியும் நடக்கப்போகிற ஒன்றைக் கொஞ்சம் முன்னதாக நடத்திக் காட்டிவிட்டால், பின்னால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள் என்று தோன்றியது. இந்த இடத்தை அம்மா இரண்டு முறை படிக்க வேண்டும். நான் செய்ததெல்லாம் பொதுஜனப் பாதுகாப்பை முன்னிட்டுத்தான்.

ஆனி மாதம் சாணார்பட்டியில் ஒரு கோயில் திருவிழா. ரோட்டின் குறுக்கே முத்துக்கிருஷ்ணனின் கிளாம்ப் போட்டு அலங்கார வளைவு நிறுத்தியிருந்தார்கள். பகல் பதினொரு மணிக்கு, செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் மாதிரி குனிந்து, இருபத்திரண்டு நம்பர் ஸ்பேனரால் ஒரு நட்டை முக்கால் சுற்று தளர்த்தினேன். மறுநாள் வளைவு சாய்ந்தது. "ஆனிக் காத்துல்ல" என்றார்கள். நிமிர்த்தி, கயிறு போட்டுக் கட்டிவிட்டு மேளத்தைத் தொடர்ந்தார்கள்.

ஆடியில் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு செவந்தித் தோட்டம். அங்கே தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டில் இரண்டு நட்டு. தொட்டி சரிந்து, உருண்டு, பூப்பாத்தியில் போய்ப் படுத்துக்கொண்டது. பக்கத்தில் மாடு கட்டியிருந்தது. மாடு உரசித்தான் ஸ்டாண்ட் விழுந்தது என்று தோட்டக்காரர் முடிவு செய்து, அடுத்த சந்தையிலேயே மாட்டை விற்றுவிட்டார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வாயில்லாத ஜீவன், அதன் மேல் பழி விழுந்துவிட்டதே என்று வருத்தம்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆள் இல்லாதபோது விழுந்தால் காற்று என்பார்கள். மாடு நின்றால் மாடு என்பார்கள். ஆள் மேலே நிற்கும்போது விழுந்தால்தான் கிளாம்ப் என்பார்கள்.

ஆவணியில் முத்துக்கிருஷ்ணன் மகள் தமிழ்மதிக்குக் கல்யாணம் வைத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். "மொதப் பத்திரிக்கை சாமிக்கு வச்சோம். ரெண்டாவது உங்களுக்குத்தாண்ணே" என்றார். தமிழ்மதி என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண். என் வீட்டுக்காரி செபஸ்தியம்மாவுக்கு முழங்கால் வலி மாத்திரையைச் சாயங்காலம் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போகும்.

சொந்த மகளின் வரவேற்புக்குச் சொந்தக் கிளாம்ப்பில் மேடை. ஊருக்கு இதைவிடத் தெளிவாகப் பாடம் சொல்ல வேறு வாய்ப்பு வராது.

நான் அவசரப்படவில்லை. முந்தின நாளே போய் மேடையை அளந்து பார்த்தேன். நாலடி உயரம். நாலடியிலிருந்து விழுந்தால் உயிர் போகாது. இடது பக்கம் சோபா, அதில் பொண்ணும் மாப்பிள்ளையும். வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார் நிற்பார்கள் என்று பேச்சோடு பேச்சாக விசாரித்து வைத்துக்கொண்டேன். அவர்கள் நத்தத்துக்காரர்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது. அதனால் வலது பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். பழகிய பெண்ணுக்கு அடிபடக் கூடாது. எனக்கும் மனசு இருக்கிறது.

காலையில் கோயிலில் தாலி கட்டி முடித்தார்கள். மதியம் மேடைக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். நான் தூங்கப் போகவில்லை. மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை விலக்கி அடியில் நுழைந்தேன். வலது பக்கம் இரண்டு கிளாம்ப்பில் தலா முக்கால் சுற்று. முழுச் சுற்று விட்டால் ஆள் ஏறியதுமே ஆட்டம் கொடுத்துவிடும். அரைச் சுற்று போதாது. இடது பக்கம் இருட்டாக இருந்தது, அங்கே எனக்கு வேலையும் இல்லை. வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். முத்துக்கிருஷ்ணனே இலையருகில் வந்து, "ஏப்பா, அண்ணனுக்கு அந்த வெஞ்சனத்த இன்னுங் கொஞ்சம் வையி" என்று பரிமாறச் சொன்னார். சேனைக்கிழங்கு வறுவல். குறை சொல்ல முடியாது.

மாலை ஆறு மணிக்குச் செபஸ்தியம்மாவோடு போனேன். "ஒனக்கு முழங்கால் வலி. மேடை ஏற வேணாம். கீழ இருந்தே வாழ்த்திட்டு வந்துருவோம்" என்று வழியெல்லாம் சொன்னேன்.

"ஏன், எம்புள்ள மாதிரி இருக்கவ. ஒரு போட்டோ எடுத்துக்கக் கூடாதா?" என்றாள்.

தமிழ்மதி மேலேயிருந்து பார்த்துவிட்டது. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிவரைக்கும் வந்தது. "பெரியம்மா, வாங்க. பாத்து, பாத்து. பெரியப்பா, நீங்களும் வாங்க." செபஸ்தியம்மாவின் கையைப் பிடித்து மேலே ஏற்றித் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது. நான் போன் வந்தது மாதிரி காதில் வைத்துக்கொண்டேன்.

போட்டோக்காரர் ஆல்வின் எல்லோரையும் நெருக்கி நிறுத்தினார். "இன்னும் செத்த உள்ள வாங்க. ஒட்டி நில்லுங்க." மேடையில் பதினாலு பேர். எண்ணினேன்.

அப்போது 'இறங்கு' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். உண்மையில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் சாகுல் ஹமீது நின்றார். என் தோளில் தட்டி, "அண்ணே, தகரம் தகரம்னீங்களே. பதினாலு பேரத் தாங்குது பாத்தீங்களா" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன்.

தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மேடை சாய்ந்தது. சோபா முதலில் இறங்கியது, அதன் பின்னால் வரிசை குலையாமல் எல்லோரும் இறங்கினார்கள். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, குழப்பம். நான் தளர்த்தியது வலது பக்கம். சாய்ந்தது இடது பக்கம்.

தமிழ்மதிக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. செபஸ்தியம்மாவுக்கு இடுப்பெலும்பு. மாப்பிள்ளையின் தாய்மாமாவுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அவர் பக்கத்தில்தான் ஆல்வினுடைய கேமரா கிடந்தது. மாப்பிள்ளை முகேஷ்குமாருக்கு மாலையைத் தவிர வேறு சேதம் இல்லை. உயிர்ச்சேதம் இல்லை என்பதைக் குறிப்பாகச் சொல்லிக்கொள்கிறேன். நாலடி என்று அளந்து வைத்தது வீணாகவில்லை.

ஆஸ்பத்திரி வராண்டாவில் முத்துக்கிருஷ்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஆறு வருசமா சொன்னீங்களே. நாந்தான் கேக்கல. அண்ணியயும் படுக்க வச்சுட்டனே. என்ன மன்னிச்சுருங்கண்ணே." அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். "விடுங்க தம்பி, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். அம்மா, உண்மையை எழுதுவதென்று உட்கார்ந்த பிறகு மறைக்கக் கூடாது. அந்த இரண்டு நாளும் எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒருவரும் 'இன்னும் விழுகலையா' என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மா என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டாக உடைந்த கிளாம்ப் இருந்தது. ஒரு பாதியில் 'ம', இன்னொரு பாதியில் 'செ'.

"இது ஒங்க கடைச் சரக்குதானங்கய்யா?" என்றீர்கள்.

பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிற நைனா முகமது பக்கத்தில் இருந்தார். மேடையைச் சோதித்தவர் அவர்தான். "வார்ப்புக்குள்ள காத்துக்குமிழி இருக்கு, பாருங்க. தேனடை மாதிரி. வலது பக்கம் ரெண்டு நட்டு லூசாத்தான் இருந்துச்சு. மேடைக்காரங்க இறுக்காம விட்டிருக்கலாம். ஆனா அந்தத் தகடு ஒரு அங்குலம் வழுக்கிட்டுக் கவ்விப் பிடிச்சுக்கிச்சு. அந்தப் பக்கம் இப்பவும் நிக்கிது. ஒடைஞ்சது இது ஒன்னுதான்."

முத்துக்கிருஷ்ணன் மேடையில் என் கிளாம்ப் எப்படி வந்தது என்று கேட்டேன்.

அம்மா சொன்ன பதில் எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. "பொண்ணு மாப்பிள்ள உக்கார்ற எடம்னு, ஒங்க கடையில ஆள் விட்டு நாலு வாங்கி சோபாவுக்கு அடியில போட்டிருக்காரு. அண்ணன் கிளாம்ப் இருந்தாத்தான் எனக்குத் தைரியம்னாராம். இப்ப ரெண்டு தடவ வந்து கெஞ்சிட்டாரு. 'அண்ணன் பேரு கெட்டுறக் கூடாது, எங் கிளாம்ப்புன்னே எழுதிக்கங்க'ன்னு. அப்படியெல்லாம் எழுத முடியாதுய்யா. ஒடைஞ்சது ஒங்க சரக்கு."

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முத்துக்கிருஷ்ணனுடையது பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் உண்மை தெரிந்தாக வேண்டும். வலது பக்கம் இரண்டு நட்டைத் தளர்த்தியது நான். அந்தப் பக்கம் ஒரு அங்குலம் இறங்கியதும் பதினாலு பேரின் பாரமும் ஒரு உதறு உதறி இடது பக்கம் பாய்ந்திருக்கிறது. அப்படிப் பாய்ந்தால் எந்தக் கிளாம்ப்பும் உடையும். காற்றுக்குமிழி எல்லா வார்ப்பிலும் இருப்பதுதான். நான் மதியம் தூங்கியிருந்தால் என் கிளாம்ப் இன்றைக்கும் நின்றிருக்கும். சாணார்பட்டி வளைவும் நான்தான். ரெட்டியார்சத்திரம் தொட்டியும் நான்தான். மாட்டுக்கும் அதில் சம்பந்தமில்லை. ஸ்பேனரை இதோடு ஒப்படைக்கிறேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் செபஸ்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் மேல நிக்கிறதப் பாத்துக்கிட்டேவா இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"கிளாம்ப் மேல தப்பில்ல செபஸ்தி" என்றேன்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வலி அதிகம் போலிருக்கிறது.

அம்மா எந்தப் பிரிவில் வழக்குப் போட்டாலும் எனக்குச் சம்மதம். வக்கீல் வைக்கப்போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அறிக்கையில் 'விபத்துக்குக் காரணம்' என்று ஒரு இடம் இருக்குமே, அதில் மரியசெல்வம் என்று எழுதுங்கள். மரியசெல்வம் கிளாம்ப் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.