சிமெண்ட்டை வீசச் சொன்ன செவிலியருக்கு

அறுவை அரங்கின் அச்சாணியே! அஞ்சாமையின் அடையாளமே! இடுப்பு மூட்டு அறுவைப் பிரிவை முப்பத்திரண்டு ஆண்டுகள் கட்டிக் காத்த எங்கள் தலைமைச் செவிலியரே, வணக்கம்!

தூக்கிவரப்பட்டவர்கள் தம் காலில் நடந்து திரும்பியபோதெல்லாம் மாலை வாங்கியவர்கள், கத்தி பிடித்த நாங்கள். செயற்கை மூட்டை எலும்போடு பிணைக்கும் சிமெண்ட்டைக் கலந்து, கடிகாரம் பார்த்து, எங்களைக் கட்டி மேய்த்தவர் நீங்கள். தொடையெலும்பின் உட்குழாயை உப்புநீர் பீய்ச்சிக் கழுவி, துளி இரத்தமின்றித் துடைத்து, சிமெண்ட்டை அடியிலிருந்து மேலாக நிரப்பி அழுத்தி, அது இறுகும்வரை இம்மியும் அசையாதிருக்க வேண்டும் என்பதில் நீங்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பல் துலக்கவும் அம்மா நேரம் வைக்கிறார் என்று உங்கள் மகள் சற்றுமுன் இதே பணிநிறைவு விழா மேடையில் போட்டுக்கொடுத்தாளே!

பதினோராண்டுக்கு முந்தைய அந்த நண்பகலை எப்படி மறப்போம்? பேருந்து ஓட்டும் பெண்மணி ஒருவர், முன்பு வைத்த செயற்கை மூட்டு தளர்ந்துபோய், வேலையும் போய்விடுமோ என்ற கலக்கத்தோடு மேசையில் கிடந்தார். பழைய சிமெண்ட்டைச் சுரண்டும்போதே குளிர்சாதனம் நின்றது; அரங்கம் வெந்தது. அந்தச் சூட்டில், கலந்த புதுச் சிமெண்ட் முன்னதாகவே இறுகத் தொடங்க, மருத்துவர் அதையே அழுத்தி நிரப்பப் பார்த்தார்.

“வேண்டாம் டாக்டர். கெட்டியாயிடுச்சு, எலும்புல பிடிக்காது. தூக்கிப் போடுங்க.”

“இன்னும் ஒரு பாக்கெட்தானே சிஸ்டர் இருக்கு? அதுவும் இப்படி ஆயிட்டா?”

“ஆகாது. ஏசி நின்னதுமே அதை ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டேன். நீங்க எலும்பை மறுபடி கழுவித் துடைங்க.”

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்த ஓட்டுநர் அம்மா, திரைக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார்: “அவங்க சொல்றதைக் கேளுங்க டாக்டர்!”

கழுவினோம், துடைத்தோம். “இப்ப” என்றீர்கள். நிரப்பி, அழுத்தி, மூட்டின் தண்டை இறக்கி, மூச்சடக்கிப் பிடித்திருந்தோம். “விடலாம்” என்றீர்கள். மூட்டு மலைபோல் நின்றது!

சென்ற மாத எக்ஸ்ரேயிலும் எலும்புக்கும் சிமெண்ட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இல்லை. காலைப் பணி முடித்த அந்த அம்மா, மூன்று மாடி படியேறி, சீருடையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அன்று அவசரப்பட்ட மருத்துவர், இம்மடலை எழுதி வாசிக்கும் நான்தான். என் கையைத் தடுத்த உங்கள் துணிவுக்கு, இத்தனை பேர் நடுவே தலைவணங்குகிறேன்.

நலமும் நிறைவும் சூழ, நூறாண்டு நிமிர்ந்து நடங்கள், அம்மா!

என்றும் உங்கள் அன்பில்,
இடுப்பு மூட்டு அறுவைப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்கள்