துருக்கறைக்குப் பின்னால் இருந்த சுவர்

என் பெயரும் வீட்டு முகவரியும், நான் கேட்டுக்கொண்டபடி, தனித்தாளில் எழுதி உறையிலிடப்பட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்து மூன்று. கணவரோடும் மகளோடும் வசிக்கிறேன். காவல் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள அச்சகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வடிவமைப்பாளராக இருக்கிறேன். அழைப்பிதழ், துண்டறிக்கை, மருந்துப் பெட்டி ஆகியவற்றைக் கணினியில் வடிவமைப்பதும் கெட்டுப்போன பழைய படங்களைச் சீர்செய்வதும் என் வேலை. நூற்பாலையின் உணவுக்கூடச் சுவர் இடிந்து இரண்டு பெண்கள் இறந்த வழக்கில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

சம்பவத்தை நான் பார்க்கவில்லை. சரக்கு இறக்க வந்த லாரி பின்னால் வரும்போது இடித்ததால்தான் சுவர் விழுந்தது என்று ஓட்டுநர் கைது செய்யப்பட்டதும், லாரி தொடுவதற்கு முன்பே சுவரில் விரிசல் இருந்தது என்று அவர் சொன்னதும், சுவர் நன்றாக இருந்தது என்று ஆலை நிர்வாகம் சொன்னதும் பிறகுதான் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வாளர் ஒரு பெண் காவலரோடு அச்சகத்துக்கு வந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த ஒரு புகைப்படத்தைக் கொடுத்தார். ஆலையின் தலைமைச் சமையல்காரர் ஓய்வுபெற்ற அன்று, அதே சுவரின் முன்னால் பதினோரு பேரை நிறுத்தி எடுத்த படம். சுவர் விழுவதற்கு எட்டு மாதம் முந்தியது. படம் எடுத்தவர் தன் கேமரா அட்டையை அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்திவிட்டதால் இந்த ஒரு பிரதிதான் மிச்சம். இறந்த பெண்களில் ஒருவருடைய இரும்புப் பெட்டிக்குள் பல வாரம் தேங்கிய மழைத்தண்ணீரில் கிடந்ததால் முக்கால் பாகத்தைத் துரு மூடியிருந்தது. சிலருடைய முகமும் சுவர் முழுவதும் தெரியவில்லை. தடயவியல் ஆய்வுக்கூடத்தில் வரிசை நீளம் என்றும், சனிக்கிழமை விசாரணைக்கு முன் சுவரை மட்டும் தெளிவாக்கித் தர வேண்டும் என்றும், எதையும் வரைந்து சேர்க்கக் கூடாது என்றும் ஆய்வாளர் சொன்னார். ஒவ்வொரு படியையும் பார்த்துக் கையெழுத்திட அந்தப் பெண் காவலர் என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு எங்கள் ஸ்கேனர் எவ்வளவு நுணுக்கமாக எடுக்குமோ அவ்வளவு நுணுக்கமாகப் படத்தை எடுத்தேன். கோப்பு மிகப் பெரிதாக வந்தது. அதைத் திறந்து வேலை செய்யத் தொடங்கிய சில நிமிடங்களில் வடிவமைப்பு மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடிக்கொண்டது. அன்று மாலைக்குள் ஒன்பது முறை அப்படி நடந்தது. பாதிக் கறை எடுத்த நிலையில் மூடிக்கொண்டால், கடைசியாகச் சேமித்த இடத்துக்குத்தான் திரும்ப முடியும். பெண் காவலர் தன் நோட்டில் ஒன்பது முறை "மூடியது" என்று எழுதி ஒன்பது முறை கையெழுத்திட்டார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி அளவில் ஓட்டுநரின் மனைவி அச்சகத்துக்கு வந்தார். யார் சொல்லி வந்தார் என்று எனக்குத் தெரியாது. பெண் காவலர் அப்போது நிலையத்துக்குப் போயிருந்தார். வந்தவர் உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, சுவத்துல விரிசல் இருந்துச்சுன்னு ஜெயில்ல பாக்கும்போதெல்லாம் அவரு சொல்றாரு. நீங்க கொஞ்சம் மனசு வச்சா தெரிஞ்சிடும்" என்றார். மெல்லிய தூரிகையை எடுத்து ஒரு கோடு போட எனக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அதை நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய் சொன்னதாகும். "இருந்தா வரும்மா. இல்லாதத நான் கொண்டுவர முடியாது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். உடனே ஆய்வாளருக்குத் தொலைபேசியில் இதைத் தெரிவித்தேன்.

அன்று மாலைவரை மென்பொருள் மொத்தம் இருபத்து மூன்று முறை மூடியிருந்தது. அதன் பிறகு என் கணவரின் தம்பியை அழைத்தேன். அவர் கணினி பழுதுபார்ப்பவர். எப்போதும் சட்டைப்பையில் திருகாணிகள் வைத்திருப்பதால் குடும்பத்தில் எல்லோரும் அவரைத் திருகாணி என்றே கூப்பிடுவோம். புதன்கிழமை காலை வந்தவர் கணினிப் பெட்டியைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. காவலரின் நோட்டை வாங்கி, ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டுக் குறித்தார். இருபத்து மூன்றையும் கேட்டார். எனக்கு நினைவில்லாத சிலவற்றைக் காவலர் சொன்னார்.

குறித்து முடித்தபோது, நான் விதியை நொந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. பதினான்கு முறை பெரிய படத்தை மொத்தமாக நகர்த்தியபோதோ கறை எடுத்தபோதோ மூடியிருக்கிறது. ஆறு முறை, ஓரத்தில் வரிசை எண் போடுவதற்காக எழுத்துருப் பட்டியலைத் திறந்தபோது. மூன்று முறை நான் எதையுமே தொடவில்லை, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனையோ தடவை அந்தத் திரையைத் திட்டியிருக்கிறேன். அது ஒவ்வொரு முறையும் காரணத்தோடுதான் விழுந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். மென்பொருளுக்கு நினைவகத்தில் இடம் போதாதபோது அது ஹார்டு டிஸ்க்கில் தற்காலிகமாக எழுதி வைத்துக்கொள்ளும்; அந்த டிஸ்க் பழைய அழைப்பிதழ்களால் நிரம்பி வழிந்தது. காலி டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து அதற்கென்றே ஒதுக்கினார். செய்ததைத் திரும்பப் பெற இருநூறு படிகள் வைத்திருந்தேன். "அண்ணி, எரநூறு தடவ மனச மாத்திக்குவேன்னு மிஷின்கிட்ட சொல்லி வச்சிருக்கீங்க. அதுவும் பாவம் எல்லாத்தையும் தலையில சொமந்துகிட்டு நிக்குது" என்று சொல்லி, பத்தாகக் குறைத்தார். காவலர் சிரித்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துருக்களைச் சோதித்து, உடைந்துபோன ஆறைக் கண்டுபிடித்து நீக்கினார். படத்தைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறக்கவும், ஒவ்வொரு படியையும் பழையதன் மேல் சேமிக்காமல் புதிய எண்ணில் சேமிக்கவும் சொன்னார்.

மிச்சம் அந்த மூன்று. அதற்காகக் கணினியின் நினைவகத்தைச் சோதிக்கும் ஒரு நிரலை ஓடவிட்டு மதியம் முழுவதும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான்கு நினைவகப் பட்டைகளில் ஒன்று, கொடுத்ததைச் சில நேரம் அப்படியே திருப்பித் தரவில்லை. அதைக் கழற்றி என் கையில் வைத்தார். ஒரு சாண் நீளம்கூட இல்லை. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. நினைவகம் குறைந்தால் இன்னும் அடிக்கடி மூடிக்கொள்ளாதா என்று கேட்டேன். "கம்மியா இருந்தாப் பரவால்ல அண்ணி. பொய் சொல்லாம இருந்தாப் போதும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பட்டை வழியாக வந்த படத்தில், அது தப்பாகத் திருப்பித் தந்த புள்ளிகளும் இருக்கலாம். இரண்டு நாளில் நான் எடுத்திருந்த கறையெல்லாம் வீண். ஆய்வாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வெளையாடுறீங்களாம்மா? சனிக்கிழமைக்கு நான் என்னத்தக் கொண்டு நிக்கிறது?" என்றார். முதலிலிருந்து தொடங்குகிறேன், அதைத் தவிர வேறு வழியில்லை என்றேன். பழைய கோப்புகளை அழிக்காமல், பயன்படுத்தத் தகாதவை என்று குறித்துத் தனியே வைத்தோம். வியாழக்கிழமை காலை புகைப்படத்தை மீண்டும் ஸ்கேன் செய்து பன்னிரண்டு துண்டாக வெட்டினேன். அன்று மாலைவரை மென்பொருள் ஒருமுறைகூட மூடவில்லை. காவலர் ஒவ்வொரு மணிக்கும் வாய்விட்டுச் சொல்லியபடி "மூடவில்லை" என்று எழுதினார். ஐந்தாவது முறை எழுதும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது, மூடிக்கொள்ளப் போகும் ஒன்றை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சுவரின் பெரும்பகுதி இருந்த ஏழாவது துண்டைத் திறந்தேன். திரையில் தெரியும் எந்தப் படமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் ஆனது. துரு நீலத்திலும் பச்சையிலும் கறுப்பாகத் தெரியும். சிவப்பில் அநேகமாகத் தெரியாது. ஆகவே மற்ற இரண்டையும் அணைத்துச் சிவப்பை மட்டும் வைத்தால் கறை விலகக்கூடும். திங்கட்கிழமையே இதைச் செய்ய நான்கு முறை முயன்றேன், நான்கு முறையும் படம் வருவதற்குள் மென்பொருள் மூடிக்கொண்டது. இந்த முறை மூடவில்லை. நீலத்தை அணைத்தேன். பச்சையை அணைத்தேன். திரை மேலிருந்து கீழாக மெதுவாக நிரம்பியது.

கறை போய்விட்டது. நான் துடைக்கவில்லை, சுரண்டவில்லை, தூரிகையைத் தொடக்கூட இல்லை. அந்தச் சுவர் அவ்வளவு நாளும் அங்கேயே இருந்திருக்கிறது. மேல் மூலையில் தொடங்கி, சமையல்காரரின் தலைக்குப் பின்னால் மறைந்து, அவருடைய தோளுக்கு அருகே மறுபடி வெளிப்பட்டு, கீழே வரை ஒரு விரிசல் இறங்கியது. அந்தப் படியை உடனே புதிய எண்ணில் சேமித்தேன்.

விரிசலின் நடுவில், இரண்டு பக்கத்தையும் தொட்டுக்கொண்டு, விரல் அகலத்தில் பளபளப்பான ஒரு பட்டை குறுக்கே ஒட்டப்பட்டிருந்தது. அதன் இரு முனையிலும் வெள்ளைப் பூச்சு இருந்தது. எனக்கு அது என்ன என்று தெரியவில்லை. அழுக்கு என்று நினைத்து நீக்கவுமில்லை. அப்போது பெண் காவலர் முக்காலியிலிருந்து எழுந்து திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தார். "அது கண்ணாடி. வெடிப்பு பெருசாவுதான்னு பாக்க ஒட்டுவாங்க. சுவரு அசைஞ்சா கண்ணாடி ஒடையும். எங்கப்பா கொத்தனாரு" என்றார். பிறகு, அந்த இடத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

பெரிதாக்கினேன். கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது.

அதன் பிறகு ஆய்வாளரை வரவழைத்தோம். அவர் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். யாரோ ஒருவர் அந்தச் சுவர் அசைகிறதா என்று தெரிந்துகொள்ள விரும்பியிருக்கிறார், அசைகிறது என்று கண்ணாடி அவருக்குச் சொல்லியிருக்கிறது, எட்டு மாதத்துக்கு முன்பே. இது என் யூகம். வடிவமைப்பாளராக என்னால் சொல்லக்கூடியது, அந்த உடைப்பில் ஒரு புள்ளிகூட நான் வைத்ததல்ல என்பது மட்டுமே. நாற்பத்தோரு கோப்புகளையும், தகாதவை என்று குறித்த பழையவற்றையும், கழற்றிய நினைவகப் பட்டையையும் ஒப்படைத்தேன். ஓட்டுநருக்குப் பிணை கிடைத்து வீட்டுக்கு வந்துவிட்டதாக அவருடைய மனைவி பிறகு அச்சக வாசலில் நின்று சொன்னார். ஆலை நிர்வாகத்தை விசாரிப்பதாக ஆய்வாளர் சொன்னார். மற்றது எனக்கு நேரடியாகத் தெரியாது.

படத்திலுள்ள முகங்களை நான் சீர்செய்தேனா என்று இதைப் பதிவு செய்யும் நடுவர் கேட்டதற்கு என் பதில்: இல்லை. சுவரை மட்டும் கேட்டார்கள், சுவரை மட்டும் பார்த்தேன். ஆனால் சிவப்பு ஒளி ஆள் பார்த்து விலகவில்லை. மற்றத் துண்டுகளிலும் ஆட்களின் மேலிருந்த கறை அதனோடு போய், பதினோரு பேரும் தெரிந்தார்கள். இறந்த இரண்டு பெண்களும் வலது ஓரத்தில் நிற்கிறார்கள் என்று காவலர் அடையாளம் காட்டினார். ஒருவர் கண்களை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். மற்றவர் சாய்ந்து நிற்பதற்காக உள்ளங்கையைச் சுவரில் ஊன்றியிருக்கிறார். அந்தக் கைக்கும் உடைந்த கண்ணாடிக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி இருக்கிறது.

நான் சொன்னபடியே எழுதப்பட்ட இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் கண் கண்டதும் என் கை செய்ததும் இதில் உள்ளபடிதான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று உறுதி கூறி ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
அச்சக வடிவமைப்பாளர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
பதிவு செய்த நடுவர்