காய்ச்சல் இல்லக்கா

ஹலோ... அக்கா? அக்கா, நான்தான்... டூட்டில இருப்பேன்னு தெரியும், அதான் வார்டு நம்பருக்கே அடிச்சேன்... இல்ல, ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லன்னு இல்ல... குழந்தை... பட்டாணி எழுந்துக்க மாட்டேங்கறான்க்கா.

தூங்கறான்தான். எழுப்பினா எழுந்துக்கல. காலையில பால் குடிச்சான்... முழுசா இல்ல, பாதி. அப்புறம் ஒரே தூக்கம். பிள்ளை இன்னிக்கு இவ்வளவு சமத்தா இருக்கானே, நம்ம நேரம்னு நெனச்சு ரெண்டு சோபாவுக்கு மெத்தை தச்சு முடிச்சிட்டேன். இப்பத் தூக்கினா தலை தொங்குதுக்கா. துணி மாதிரி தொங்குது.

அவ வேலைக்குப் போயிட்டா... ஆமா, பிரசவ லீவு முடிஞ்சு போச்சு, திங்கக்கிழமையிலேர்ந்து போறா... நான்தான் பாத்துக்கறேன். நல்லாத்தான் பாத்துக்கறேன்!... கத்தல. சரி, சரி, கத்தல. சொல்லு.

உள்ளங்காலைச் சுண்டணுமா?... ம்... சுண்டிட்டேன்... இரு... சுளிச்சான்! முகத்தைச் சுளிச்சான்க்கா! கண்ணத் தொறந்தான்... மூடிட்டான். முனகறான். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்.

ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், கேக்குதா?... சட்டையத் தூக்கிட்டேன். வயிறு ஏறுது, எறங்குது... ஏறுது... நடுவுல நிக்கற மாதிரி... இல்ல, இல்ல, மறுபடி ஏறுது. மூச்சு விடறான். விடறான்.

உதடா? இரு, ஜன்னல்கிட்டக் கொண்டு போறேன்... வெளுத்திருக்கு. நீலமில்ல. நாக்கும் நீலமில்ல. சத்தியமாக்கா.

எங்க படுத்திருந்தான்னா... சோபாவுல. என் கண்ணு முன்னாலதானே இருக்கணும்... குஷன் மேல. நான் தச்சதுதான். கீழ விழாம இருக்க சுத்தி இன்னும் நாலு... குப்புறத்தான். குப்புறப் போட்டாத்தான் தூங்கறான்க்கா, மல்லாக்கப் போட்டா கத்தறான்... தெரியும், நீ அன்னிக்கே சொன்ன. நான் உன்னை ஆஸ்பத்திரி அதிகாரின்னு கேலி பண்ணினேன். இப்ப திட்டாத. அப்புறம் திட்டு, எவ்வளவு வேணும்னாலும் திட்டு. இப்ப வேணாம்.

எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். துணி வெட்டற மேசை மேல மல்லாக்கப் படுக்க வச்சிருக்கேன். வெறும் போர்வைதான் கீழ. கத்தரி, ஊசி எல்லாம் எடுத்தாச்சு... மூக்கு, வாய் எதுவும் அடைக்கல. பாத்துட்டேன்.

தெர்மாமீட்டர் இருக்கு, நீ வாங்கிக் குடுத்ததுதான்... அக்குள்ல வச்சிட்டேன். கைய அமுக்கிப் பிடிச்சிருக்கேன்... கை எவ்வளவு சில்லுனு இருக்கு தெரியுமா? இந்த வெயில்லயும்... ஆ, சத்தம் வந்துடுச்சு. முப்பத்தஞ்சு... புள்ளி ஒண்ணு. காய்ச்சல் இல்லக்கா! அப்பாடா... காய்ச்சல் இல்ல. உயிரே போயிடுச்சு எனக்கு. நான் என்னமோ ஏதோன்னு...

ஹலோ?... அக்கா?... என்ன, திரும்ப வைக்கணுமா?

கம்மின்னா நல்லதுதானே?... நல்லதில்லையா?... முப்பத்தாறரையாவது இருக்கணுமா?... திரும்ப வச்சுப் பாத்தாலும் அதேதான் காட்டுது. முப்பத்தஞ்சுதான்... சட்டையைக் கழட்டறேன். அவனுதையும் கழட்டிட்டேன். நெஞ்சோட நெஞ்சா... ம்... மேல துணி போத்திட்டேன். முகம் வெளிய இருக்கு, மூடல.

முகம் உப்பினாப்ல இருக்கா?... ஆமா! கண்ணுக்குக் கீழ கொழுகொழுன்னு இருக்கு. அவகிட்ட நேத்துகூடச் சொன்னேன், பாரு, உன் பையன் நான் பாத்துக்க ஆரம்பிச்சதும் எப்படி ஊறிட்டான்னு... நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? ஏன் பெருமூச்சு விடற?

மூத்திரமெல்லாம் பிரமாதமாப் போறான். அதுல கொறையே இல்ல. பச்சத் தண்ணி மாதிரி, நிறமுமில்ல, வாடையுமில்ல. துணி மாத்தி மாத்தி என் கை ஓஞ்சு போச்சு. தண்ணி நல்லாச் சேருதுன்னுதானே அர்த்தம்?... அக்கா, "ஐயோ"ங்காத. என்னன்னு சொல்லு.

பாலா? டின் பால்தான், முழுக்க. அவளுக்குப் பால் நின்னு போச்சே... ராத்திரியும் நான்தான் கலக்கறேன், அவ காலையில வேலைக்குப் போகணும், தூங்கட்டும்னு... டின்ல என்ன போட்டிருக்கோ அப்படியே. இவ்வளவு தண்ணிக்கு இத்தனை ஸ்பூன். ஒண்ணு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அளவு விஷயத்துல நான் எப்படின்னு உனக்குத் தெரியும்.

எந்த ஸ்பூனா?

ஸ்பூன்தான்... இல்ல, டின்னோட வந்தது காணோம். கழுவி ஜன்னல்ல காய வச்சேன், காத்துல கீழ எங்கயோ போயிடுச்சு... அதுக்கப்புறம் காபி ஸ்பூன்... நம்ம காபிக்குப் போடறதுதான், சின்னது... அந்தக் கரண்டிய விட... கொஞ்சம் சின்னது... பாதி. பாதி இருக்கும்.

அவளுக்குத் தெரியாது. கரண்டி தொலைஞ்சதையே சொல்லல. முதல் வாரமே பொருளைத் தொலைச்சிட்டேன்னு சிரிப்பாளேன்னு... அவனுக்கு வயிறு வேற கெட்டியாப் போச்சு, முக்கி முக்கி அழறான், பால் கொஞ்சம் தண்ணியா இருந்தா நல்லதுதானேன்னு எனக்கு நானே...

தண்ணியா? தனியாவா?... குடுத்தேன். வெயில்க்கா. ஃபேன் ஓடியும் வேர்க்குது. அழுதா கொஞ்சம், விக்கினா கொஞ்சம், ரெண்டு பாலுக்கு நடுவுல கொஞ்சம்... கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி! பாட்டில்கூட கொதிக்க வச்சுத்தான்! ஒரு தூசி இருக்காது!

தண்ணி எப்படிக்கா கெடுதல் பண்ணும்? தண்ணிதானே அது...

உப்பா?... ரத்தத்துல இருக்கற உப்பு... நீத்துப் போயிடுமா?... மூளைக்கா? மூளை எதுக்கு வீங்கணும்? அக்கா, மெதுவா சொல்லு, எனக்கு எதுவும் ஏற மாட்டேங்குது.

அப்ப கொஞ்சம் உப்பு கலந்து குடுக்கட்டுமா? சமையல் உப்பு இருக்கு... சரி! சரி, குடுக்கல! தொடல! பாலும் வேணாம், தண்ணியும் வேணாம், உப்பும் வேணாம், வாய்ல எதுவும் வேணாம். புரிஞ்சுது.

ஆம்புலன்ஸா? இப்பவேவா?... நீ வைக்காத. வச்சிடாதக்கா, கெஞ்சிக் கேக்கறேன். மாடி வீட்டு டீச்சர் இருப்பாங்க, அவங்க ஃபோன்ல கூப்பிடச் சொல்றேன். படிக்கட்டுக்கு வந்துட்டேன்... டீச்சர்! டீச்சர்! கொஞ்சம் கீழ வாங்க! ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போடுங்க டீச்சர்... குழந்தைக்கு! பச்சக் குழந்தை, ரெண்டு மாசம், எழுந்துக்க மாட்டேங்கறான்னு சொல்லுங்க! வீட்டு அடையாளத்தை நீங்களே சொல்லிடுங்க... கூப்பிடறாங்கக்கா. பேசிட்டிருக்காங்க.

பட்டாணி... டேய் பட்டாணி... அப்பாதான்டா. அப்பா இங்க இருக்கேன்... இந்தா, வாயை அசைக்கறான்க்கா! சப்புக் கொட்டறான். பசிக்குது போல. முழிச்சுக்கிட்டான். கண்ணு தொறந்திருக்கு... என்னைப் பாக்கல. ஒரு பக்கமா மேல பாக்குது. கண்ணு துடிக்குது... அக்கா, கால் சைக்கிள் ஓட்டற மாதிரி... கை வெட்டி வெட்டி இழுக்குது! அக்கா! அக்கா!

தரையில... ஒருக்களிச்சு... படுக்க வச்சிட்டேன். பிடிக்கலையே, நான் பிடிக்கல. விட்டுட்டேன்... வாயில விரலை விடவா? நாக்கைக் கடிச்சுக்கப் போறான்... விடல. விடல. டீச்சர், தண்ணி தெளிக்காதீங்க! சொம்பை அங்கயே வச்சிடுங்க! அக்கா எதுவும் செய்யக் கூடாதுங்கறா... மணி பாருங்க டீச்சர், எப்ப ஆரம்பிச்சதுன்னு மணி பாருங்க.

வாயோரம் எச்சில் வருது... தானா வடியுதுக்கா, ஒருக்களிச்சுத்தான் இருக்கான்... இன்னும் இழுக்குது. நிக்க மாட்டேங்குது. அக்கா, ஏதாவது பேசிட்டே இரு. என்ன வேணும்னாலும் பேசு... ம்... ம்... ஆமா... ம்...

நின்னுடுச்சு.

நின்னுடுச்சுக்கா. அசையல. ஒண்ணுமே அசையல. அக்கா, என் பிள்ளை...

கன்னத்தைக் கிட்ட வைக்கறேன்... சத்தம் போடாதீங்க டீச்சர்... சூடு வருது. மூக்குலேர்ந்து சூடு வருது! வயிறு ஏறுது. இருக்கான். இருக்கான்க்கா.

அழல. நான் அழல. நீதான் அழற... வார்டுல பாக்கப் போறாங்க, கண்ணைத் தொடச்சுக்கோ.

என்ன? எடுத்துட்டுப் போகணுமா?... பால் டின். சரி. காபி ஸ்பூன்... அது எதுக்குக்கா?... வந்ததும் அதைத்தான் முதல்ல சொல்லணுமா?... சொல்லியே ஆகணுமா? திடீர்னு வலிப்பு வந்துடுச்சுன்னு சொன்னாப் போதாதா? அவங்களே கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?... டீச்சர் பக்கத்துல நிக்கறாங்க... அவ காதுக்குப் போகும். அப்பனே பிள்ளைக்கு... என் கையாலதானே ஊத்தினேன்... நீ சொல்லேன்? அவங்ககிட்ட ஃபோனைக் குடுக்கறேன்...

ம்.

ம்... எந்தச் சோதனையை முதல்ல பண்றதுன்னு அவங்களுக்குத் தெரியணும். ஆமா... தெரியாம வேற எதையாவது தேடிட்டிருந்தா... ஆமா. ஆமா. புரியுது. நானே சொல்றேன். சத்தியமா நானே சொல்றேன்.

வண்டிச் சத்தம்! வந்துட்டாங்க... இங்க, இங்க மேடம்! முதல் வீடு! செருப்பெல்லாம் கழட்ட வேணாம், வாங்க... ரெண்டு மாசம். வலிப்பு வந்து நின்னுருக்கு. எவ்வளவு நேரம் இழுத்துச்சுன்னு டீச்சர் சொல்வாங்க. உடம்பு சில்லுனு இருக்கு, முப்பத்தஞ்சு காட்டுது... மேடம், ஒரு நிமிஷம். ஒண்ணு சொல்லணும். பால்ல தப்பு. நான்தான் தப்பாக் கலக்கிட்டேன். டின்னோட கரண்டி தொலைஞ்சு போச்சு, இந்த ஸ்பூன்ல போட்டேன். பவுடர் பாதிதான் போயிருக்கு. அதுக்கு மேல தனியாத் தண்ணியும் குடுத்தேன், நிறைய. உப்பு கொறஞ்சிருக்கும்னு எங்க அக்கா சொல்றாங்க, குழந்தைங்க வார்டுல நர்ஸ்... இந்தாங்க, லைன்லதான் இருக்காங்க...

...

குடுத்துட்டாங்க. என்னக்கா சொன்னாங்க?... ம்... ஆஸ்பத்திரிக்கு இப்பவே சொல்றாங்க, ஆமா, அவங்க பேசறது கேக்குது. சர்க்கரையும் பாத்தாங்க, குதிகால்ல குத்தி. குத்தினப்ப முனகினான்... நானும் வண்டியில ஏறிட்டேன். டீச்சர், அவளுக்கு... அவ கம்பெனில ஃபோனை வாங்கி வச்சுப்பாங்க, வாசல்ல வாட்ச்மேன்கிட்டச் சொன்னாத்தான் கூப்பிடுவாங்க. பக்குவமாச் சொல்லுங்க டீச்சர்.

சட்டை போடலக்கா நான். இப்பத்தான் பாக்கறேன். வெறும் உடம்போட ஏறிட்டேன்... சிரிக்காத. நான் ஒண்ணும் சிரிக்கல... மூக்குல குழாய் மாட்டியிருக்காங்க. அந்த முகத்துக்கு அந்தக் குழாயே பெருசா இருக்கு. கை என் விரலைப் பிடிக்கல. வழக்கமா பிடிப்பான். அழுத்திப் பிடிப்பான். இப்ப விரலை வச்சா சும்மா விட்டுடறான்.

அக்கா, அவன் இல்லாம நான் அந்த வீட்டுக்குள்ள போக மாட்டேன்... அப்படிப் பேசக் கூடாதுதான். சரி. பேசல.

வந்தாச்சு. எறங்கறோம். வைக்காத... ஓடறேன்... டாக்டர், பால்ல தண்ணி அதிகமாப் போயிடுச்சு! இதோ டின், இதோ ஸ்பூன்! நான்தான் கலக்கினேன்!... ஆமா டாக்டர்... ஆமா... இல்ல, வேற மருந்து எதுவும் குடுக்கல. வலிப்புக்கு அப்புறம் வாய்ல எதுவும் குடுக்கல... சரிங்க. வெளிய நிக்கறேன்.

கதவைச் சாத்திட்டாங்கக்கா.

ம்... இருக்கேன். சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கேன். யாரோ ஒரு துண்டு குடுத்தாங்க, போத்திக்கிட்டேன்... நீ வேலையைப் பாக்க வேணாமா?... சரி. அப்ப இரு. பேச வேணாம், சும்மா இரு. நீ மூச்சு விடறது கேட்டாப் போதும்.

...

டாக்டர் வர்றாங்க! இரு... சொல்லுங்க டாக்டர்... நூத்திப் பதினெட்டு... அது ரொம்பக் கொறைச்சலா டாக்டர்?... அக்கா, கேட்டியா? உப்பு நூத்திப் பதினெட்டாம்... ஆமா டாக்டர், காதுல விழுது... உள்ள போறப்ப மறுபடி லேசா இழுத்துச்சா... ஊசி வழியா உப்பு ஏத்தறீங்க... இப்ப நின்னுருக்கு. மிச்சத்தை அவசரப்படாம மெதுவா ஏத்தணும், சரிங்க... பொழச்சுக்குவானா டாக்டர்?... சீக்கிரமாக் கொண்டு வந்துட்டீங்கன்னு சொல்றீங்க... இல்ல டாக்டர், என்னைப் பாராட்டாதீங்க. தயவு செஞ்சு வேணாம்...

அக்கா. போயிட்டாங்க. நெனவு திரும்பும்னு நம்பிக்கையாச் சொல்றாங்க, இன்னும் ரெண்டு நாள் உள்ளயே வச்சுப் பாக்கணுமாம். என்ன காரணம்னு தேடியிருந்தா அதுலயே நேரம் போயிருக்கும்னாங்க. நீதான்க்கா... சரி, சொல்லல. சொல்லலன்னா சொல்லல.

இரு. பேசாத.

கேக்குதா?... உள்ளேர்ந்து... கேக்குதா உனக்கு? ஃபோனைக் கதவுக்கிட்டப் பிடிக்கறேன்... அவன்தான்! ஊசிக்கு அழறான். அவன் குரல்தான்க்கா, எனக்குத் தெரியாதா? மல்லாக்கப் போட்டா கத்துவானே, அதே கத்தல்! கத்துடா! நல்லா கத்து! இனிமே மல்லாக்கத்தான்டா படுக்கணும், ராத்திரி பூரா கத்தினாலும் மல்லாக்கத்தான்...

ஆமா... ஆமாக்கா... ஆமா...

அக்கா... அவ வந்துட்டா. வராந்தா கோடியில. ஓடி வர்றா, கழுத்துல கம்பெனி அட்டையோட... என்னைப் பாத்துட்டா.

வேணாம், நீ பேசாத. நீ சொன்னா நல்லா இருக்காது. நான்தான் சொல்லணும்.

இங்க வாம்மா... இருக்கான். இருக்கான், உள்ள இருக்கான், அழறான் பாரு, அது அவன்தான். உக்காரு முதல்ல... இல்ல, கையைப் பிடிச்சுக்கோ. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் பிடிச்சுக்கோ, அப்புறம் விட்டுடணும்னா விட்டுடு...

அக்கா, வைக்கறேன்.