நூற்று நாற்பத்து மூன்றாவது தலை

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, பொது மேலாளர் அவர்களே, முன்வரிசையில் கண்ணீரை அடக்கி அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, சீருடையில் வந்திருக்கும் காவலர்களே, தொழிலாளத் தோழர்களே! உங்கள் அனைவரையும், இந்தப் படத்தில் இருப்பவரின் சார்பிலும் வணங்குகிறேன்.

நமது சாயத் தொழிற்சாலையின் காவலர் பயிற்சியாளர் அவர். எந்நேரமும் ஆட்களை எண்ணிக்கொண்டே இருந்ததால் நாம் அவருக்கு வைத்த பெயர் கணக்கு வாத்தியார். கேலியாகத்தான் வைத்தோம். அந்தக் கேலியைப் பட்டம்போல் சூடிக்கொண்டு பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றினார்.

அவருடைய முதல் வகுப்பை யார் மறக்க முடியும்?

“உன் வேலை என்ன?”

“கேட்டைப் பாத்துக்கறது சார்!”

“கேட்டு எங்கயும் ஓடிப்போகாதுப்பா. உள்ள எத்தனை பேர் இருக்காங்க, அதச் சொல்லு.”

அங்கிருந்துதான் பாடம் தொடங்கும். பிறகுதான் தீயணைப்புக் கருவி, பிறகுதான் அவசர வழி, பிறகுதான் திருட்டு, பூட்டு, சாவி எல்லாம். எத்தனை வகுப்புகள் நடத்தினாலும் முடிவில் ஒரே விதியைச் சொல்வார்: “ஒருத்தர் வெளிய போயிட்டாரான்னு தெரியலைன்னா, உள்ளதான் இருக்காரு.”

அந்த விதி அவர் வீட்டாருக்கும் உண்டு. ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்த அண்ணியின் முன்னும் பதிவேட்டை நீட்டினார்.

“ஏங்க, என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

“எனக்குத் தெரியும். நோட்டுக்குத் தெரியாதே!”

அண்ணி கையெழுத்துப் போட்டார். “இன்னிக்கு ராத்திரி வீட்டு வாசல்ல நானும் ஒரு நோட்டு வெக்கறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார். காவலர்கள் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் சிரிக்காமல் நேரத்தைக் குறித்தார்.

இத்தகைய மனிதரிடம்தான் ஏழு மாதங்களுக்கு முன் ஒரு சுற்றறிக்கை போய்ச் சேர்ந்தது. ‘மேலாளர்களின் வாகனங்களை வாயிலில் நிறுத்த வேண்டாம், பதிவேடு கேட்க வேண்டாம்.’ நிர்வாக அதிகாரி என்ற முறையில் அதன் கீழே கையெழுத்திட்டவன் யார்? நான்தான்!

அதைக் கையில் பிடித்தபடி என் அறைக்கு வந்தார்.

“சார், இது வேணாம் சார். ஒரு தலை கணக்குல விட்டுப்போச்சுன்னா, அதத் தேடி இன்னொரு தலை உள்ள போகணும்.”

“விடுங்க வாத்தியாரே. பெரிய இடத்து விஷயம்.”

அந்த ஐந்து சொற்களை இன்று என்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா?

சென்ற மாதம் பன்னிரண்டாம் நாள், காலை பதினொன்று இருபதுக்குக் கலவைக் கூடத்தில் தீ பிடித்தது. அவர் பயிற்றுவித்த காவலர்கள் யாரும் அலறவில்லை, யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. மூன்று கதவுகளையும் திறந்தார்கள். ஆறு நிமிடங்களில் எல்லோரும் மைதானத்தில்! வாத்தியார் எண்ணினார். பதிவேட்டில் நூற்று நாற்பத்து மூன்று. மைதானத்தில் நூற்று நாற்பத்திரண்டு.

இல்லாதவர் பொது மேலாளர்; காலையில் அவர் மாடியேறுவதைப் பார்த்து வாத்தியாரே பதிவேட்டில் எழுதியிருந்தார். கைபேசியில் மூன்று முறை அழைத்தார்கள், எடுக்கவில்லை. வாத்தியார் வாயிற்காவலரான பெண்ணைக் கேட்டார்.

“கார் போச்சு சார். கறுப்புக் கண்ணாடி. டிரைவர் மட்டும் போனாரா, ஐயாவும் போனாரான்னு தெரியல சார்.”

“தெரியலைன்னா…” என்றார் வாத்தியார். வாக்கியத்தை முடிக்கவில்லை. ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். தீயணைப்பு வண்டி வர இன்னும் ஒன்பது நிமிடங்கள் இருந்தன.

முதல் மாடியில், பொது மேலாளர் அறையின் வாசலில் அவரைக் கண்டெடுத்தார்கள். கதவு திறந்திருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. நாற்காலிக்குரியவர் பத்து நாற்பதுக்கே வெளியே போயிருந்தார். நலமாக இருக்கிறார். இதோ, இந்த மேடையில் இருக்கிறார். அவர் நலமாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதைத்தான் வாத்தியாரும் விரும்பினார்.

ஆனால் நேற்று ஒரு குற்றப் பத்திரிகை வந்திருக்கிறது. யாருக்கு? அந்த வாயிற்காவலருக்கு! குற்றம்? ‘வாகனத்தை நிறுத்திப் பதிவு செய்யத் தவறியது.’ நிறுத்தக் கூடாது என்று சொன்ன நிர்வாகமே, ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறது! நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. அவருடைய வேலையை எடுத்துவிட்டு, வாத்தியாருக்கு மாலை போடப் போகிறோமா?

அண்ணி, உங்கள் முன்னால் சொல்கிறேன். என் கையெழுத்துள்ள அந்தச் சுற்றறிக்கையோடு நாளை முதல் சாட்சியாக நான் நிற்பேன். அவருக்கு வேலை போகுமானால், எனக்கும் போகட்டும். வாத்தியாரின் வகுப்பு அடுத்த திங்களன்று வழக்கம்போல் நடக்கும். முதல் மாணவனாக நான் உட்காருவேன்.

கடைசியாக ஒன்று. இந்த மண்டபத்தின் வாசலில் அதே பெண், சீருடை பறிக்கப்பட்ட நிலையிலும், பதிவேட்டோடு நிற்கிறார். உள்ளே வந்த எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். மேடையின் பக்கவாட்டுக் கதவு வழியே வந்த இருவர் மட்டும் எழுதவில்லை. ஐயா, போகும்போது முன்வாசல் வழியாகப் போங்கள். வந்த நேரத்தையும் போகும் நேரத்தையும் எழுதுங்கள்.

எழுதாவிட்டால் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள் என்று கொள்வோம். தேடி உள்ளே போக, இனி எங்களிடம் வாத்தியார் இல்லை.